முடிந்தது என்று யார் சொல்வது?

ஒரே கணினியில் இரண்டு ப்ராசஸ்களைப் பைப்பால் இணைத்துவிட்டால், யார் எப்போது செத்தார் என்ற கணக்கை லினக்ஸ் கெர்னலே பார்த்துக்கொள்ளும். படிக்கிறவன் போனால் எழுதுகிறவனுக்கு சிக்பைப். எழுதுகிறவன் மூடினால் படிக்கிறவனுக்கு இஓஎஃப். பிள்ளை முடிந்தால் பெற்றவனுக்கு எக்ஸிட் கோடு. க்யூப்ஸ் ஓஎஸ்ஸில் வேலை செய்ய வந்த பிறகுதான் இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரிந்தது. அங்கே ஜென் ஹைப்பர்வைசரின் மேல் ஒவ்வொரு விஎம்முக்கும் தனிக் கெர்னல். ஒன்றில் நடந்த சாவு மற்றதற்குத் தெரியாது. யாராவது சொல்லி அனுப்ப வேண்டும். அந்தத் தூதன்தான் க்யூரெக்செக்.

அதில் தரவு தீர்ந்தது என்பதற்கு நீளம் பூஜ்யமான ஒரு செய்தி. ப்ராசஸ் முடிந்தது என்பதற்கு எக்ஸிட் கோடுடன் வேறொரு செய்தி. இரண்டும் ஒன்றல்ல. இன்னொரு விஎம்மில் ஷா256சம் ஓடுகிறது என்று வையுங்கள். நம் பக்க இஓஎஃப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வாயையே திறக்கும். 'ஒருபக்கம் மூடிவிட்டது, எல்லாம் முடிந்தது' என்று இணைப்பை வெட்டினால் விடையும் சேர்ந்து போகும். நடுவில் இரண்டு முனைகளை இணைக்கும் சோகேட் கருவி இருந்தால் இன்னும் வேடிக்கை: ஒருபக்கம் மூடியதும் இயல்பாக அரை நொடிதான் காத்திருக்கும். சிறிய கோப்புக்குச் சரியாக ஓடும், பெரிய கோப்புக்குச் சொதப்பும்.

தலைகீழாகவும் நடக்கும். ப்ராசஸ் செத்துவிடும், அது பின்னணியில் விட்டுப்போன பேரப்பிள்ளை பைப்பின் எழுதும் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இஓஎஃப் வரவே வராது. எஸ்எஸ்எச்சில் லாக்அவுட் தொங்குவதும் இதனால்தான். நான் இரண்டு செய்திக்கும் காத்திருப்பேன். தொங்குவது கண்ணில் படும். வால் அறுந்த தரவு படாது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் டிஸ்போசபிள் விஎம்மில் சிக்கல் வேறு மாதிரி. அதன் ஆயுளே முதலில் ஓட்டிய கட்டளையின் ஆயுள். க்னோம் டெர்மினல் கட்டளையோ, தனியாக ஓடும் சர்வரிடம் 'ஜன்னல் திற' என்று சொல்லிவிட்டு உடனே வெளியேறும் சாதி. ஜன்னல் வருவதற்குள் விஎம் காலி. ஜன்னல் மூடும்வரை காத்திருக்கும் உறை ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும்.

எதிர்ப்பக்கம் பகைவனாகவும் இருக்கலாம் என்பது க்யூப்ஸின் அடிப்படை. ஆகவே அங்கிருந்து எக்ஸிட் கோடாக வரும் பூஜ்யம் சாட்சியல்ல, வெறும் பேச்சு. பேச்சே வராமலும் போகலாம்: விஎம்மை யாரோ கொன்றுவிட்டார்கள், விஎம்களை இணைக்கும் விசான் தடம் அறுந்தது, எக்ஸிட் கோடு வரவில்லை. அப்போது நம் பக்கத்தில் எந்த எண்ணை வேண்டுமானாலும் தரலாம், பூஜ்யத்தைத் தவிர. பூஜ்யம் தந்தால் பேக்கப் ஸ்கிரிப்ட் பாதிக் கோப்பை வைத்துக்கொண்டு 'வெற்றி' என்று எழுதி, பழைய பிரதியை அழித்துவிடும்.