எது முந்துகிறதோ அது

டெல்லியில் பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பத்தை நெருங்கும் கார்கள் தடையின்மைச் சான்றுடன் பிற மாநிலங்களுக்கு மலிவாகச் செல்வது அதன்பின் வழக்கமாயிற்று.

அத்தகைய ஒரு காரைக் கரோல் பாக்கில் பார்த்தார் ஜெய்ப்பூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர். நடக்க இயலாத தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு வண்டி தேவைப்பட்டது. கையில் இருந்தது 2,60,000 ரூபாய். கேட்ட விலை 2,45,000. காருக்கு வயது ஒன்பது. ஓடியதோ 52,000 கிலோமீட்டர்தான். "சர்வீஸ் எல்லாம் ஆகிவிட்டது" என்றார் தரகர்.

அது பொய்யன்று. சர்வீஸ் புத்தகத்தில் ஆண்டுதோறும் முத்திரை இருந்தது: ஆயில், ஃபில்டர், பிரேக் பேட். டைமிங் பெல்ட் மாற்றிய குறிப்பு மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றது கையேடு. தரகர் கிலோமீட்டரைக் காட்டினார். ஆசிரியர் ஆண்டைக் காட்டினார். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை எய்தும்.

பிஸ்டனின் ஓட்டத்தையும் வால்வுகளின் திறப்பையும் ஒரே தாளத்தில் இணைத்து வைப்பது அந்தப் பட்டை. அது அறுந்தால், மேலெழும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். டீசல் எஞ்சினில் அவ்விரண்டும் விலகிக்கொள்ள இடமில்லை. அதன்பின் எஞ்சினைப் பிரித்துச் சீராக்கும் செலவு, காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கக்கூடும். அறுவதற்கு முன் பெரும்பாலும் ஓசையோ எச்சரிக்கையோ இராது.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்ற மெக்கானிக் 18,000 கேட்டார். நெடிய பேரத்தின் முடிவில் தரகர் 7,000 குறைத்தார். ஜெய்ப்பூர் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். "ஊர் போய் மாற்றிக்கொள்ளலாமே" என்று தரகர் சொன்னதை ஆசிரியர் ஏற்கவில்லை. எஞ்சிய 4,000 ரூபாயில் டீசல் நிரப்பினார். பதிவு மாற்றச் செலவுக்குத் தம்பியிடம் கடன் கேட்டார்.

கழற்றிய பெல்ட் மேலோட்டத்தில் புதிதாகவே தெரிந்தது. மெக்கானிக் அதைப் பின்புறமாக வளைத்தபோது, பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் வரிசையாய் வாய் திறந்தன.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் தம் கையாலேயே எழுதினார் ஆசிரியர். அந்தக் காரை என்றேனும் வாங்க வருபவர் முதலில் தேட வேண்டிய வரி அது.