விட்டுச் சென்றவர்

என்னிடம் ஐந்தாண்டுகள் ஓதிய மாணவர் வேறு மத்ரஸாவில் சேர்ந்தார். வழியில் கண்டபோது அவருடைய ஸலாமுக்கு முகங்கொடுக்காமல் பதில் கூறினேன். அந்நாள்களில்தான் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸைப் பற்றிப் படித்தேன்.

ஏழு பருவங்கள் கிளீவ்லாந்து அணிக்கு ஆடியவர், 2010 ஜூலை 8 அன்று மயாமி அணிக்குச் செல்வதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஒப்பந்தத்தை மீறிச் செல்லவில்லை. எனினும் ரசிகர்கள் அவர் பெயர் பொறித்த சட்டைகளைக் கொளுத்தினர். நேசம் உரிமை கொண்டாடினால் இவ்வாறுதான் எரியும்.

2014இல் அவர் திரும்பினார். 2016இல் அவ்வணி முதன்முறையாகச் சாம்பியன் ஆனது, நகரமே கொண்டாடியது. எரித்த சட்டைகளோ சாம்பலாகவே போயின.

மறுநாள் அந்த மாணவரைத் தேடிச் சென்று, நானே முந்தி ஸலாம் கூறினேன்.