நாக்குக்கு எவ்வளவு அகலம்?

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய எங்கள் பட்டறைக்குப் பழுதுக்கு வரும் தேக்கு நாற்காலிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆட்டம் கண்டிருக்கும்: பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் மூட்டு. உட்கார்ந்தவர் சாயும்போதெல்லாம் பாரம் அந்த மூட்டைத்தான் நெம்புகிறது. இரண்டு பக்கமும் துளை போட்டுத் தனி நாக்கு செருகுகிறவர், அந்த நெம்புதலை மனதில் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

வேலை கற்க வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை எம்எம் கனம்?" அகலத்தைக் கேளுடா என்பேன். கனத்தை இரட்டித்தால், வளைக்கும் பாரத்தை நாக்கு தாங்கும் பலம் இரண்டு மடங்காகும். அகலத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. 60 மி.மீ. அகலமும் 22 மி.மீ. கனமும் உள்ள சட்டத்துக்கு 45 மி.மீ. அகல நாக்கு வைக்கிறேன். கனம் 10. சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. நல்ல தேக்கில் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் துளைக்கு இருபுறமும் 6 மி.மீ. சுவராவது மிஞ்ச வேண்டும். சுவர் மெலிந்தால் நாக்கு உடையாது, சட்டம் பிளந்துவிடும்.

38 மி.மீ. காலில் துளை ஆழம் 25. சட்டத்திலும் அதே ஆழம். நாக்கின் நீளம் 48. இரு முனையிலும் ஒரு மி.மீ. பசைக்கு இடம். முன்காலில் இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும், அங்கே நாக்குகளின் முனையை 45 டிகிரி சாய்த்து வெட்டுவேன். சட்டத்திலேயே நாக்கு செதுக்கினால் ஒவ்வொன்றும் 50 மி.மீ. கூடுதலாக வேண்டும், ரே ரோடு மரக்கடையில் தேக்கு விலை கேட்டவருக்கு அதன் அருமை தெரியும். துண்டு மரமே நாக்காகிவிடும், ரேகை மட்டும் நீளவாக்கில் ஓட வேண்டும்.

கட்டைவிரல் அழுத்தத்தில் நாக்கு உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஃபெவிகாலை வழித்து வெளியே தள்ளிவிடும். லொடலொடவென்று இருந்தாலும் பசை அந்த இடைவெளியை ஈடுகட்டாது. மே மாதம் சீவிய நாக்கு ஜூலையில் உப்பி நிற்கும் ஊர் இது. அதனால் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறேன்.

செம்பூர் வீடுகளுக்குச் செய்யும் வாசல் கதவில் இதே அகலக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டக் கூடாது. 150 மி.மீ. நடுச்சட்டத்துக்கு 120 மி.மீ. ஒற்றை நாக்கு வைத்தால், மழைக்காலத்தில் அது அகலவாக்கில் உப்பும். நெடுஞ்சட்டமோ நீளவாக்கில் அசையாது. இழுபறியில் பசை விட்டுப்போகும். அங்கே 45 மி.மீ. நாக்குகள் இரண்டு வைத்து, நடுவே 30 மி.மீ. விடுகிறேன்.