அன்னத்தின் அலகு

ஐம்பது வயதைக் கடந்தபின் நான் முப்பரிமாணக் கணினி வடிவமைப்புக் கற்கப் புறப்பட்டதற்குக் காரணம் எம்பெக்கே தேவாலயத்து அன்னம். பேராதனை தாண்டித் தவுலகலைப் பக்கம் சென்றால் வரும் இக்கதிர்காமக் கந்தன் கோயில், 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது. மரத்தூண்களைச் செதுக்கியவர் தெல்மட மூலாச்சாரி என்பது மரபு.

மேசை வரைவது எளிது. நீள, அகல, உயரங்கள் போதும். அன்னத்தின் கழுத்துக்கு அவை உதவா. 'ரைனோ' மென்பொருளில், வளைகோட்டின் அருகே மிதக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளே அதை இழுத்து வளைக்கின்றன. 1960 வாக்கில் பிரான்சின் கார் நிறுவனங்களில் டி காஸ்தெல்ஜோவும் பெசியேயும் தனித்தனியே கண்ட கணிதமே இதற்கு அடிப்படை.

புகைப்படத்தின் மேல் நாற்பது புள்ளிகள் வைத்தேன். கழுத்து, கசங்கிய துணிபோல் ஆயிற்று.

"புள்ளிகளக் குறைங்க, மாமா" என்றான், பொறியியல் படிக்கும் என் மருமகன்.

ஏழு புள்ளிகளில் கழுத்து வழுவழுத்தது. என் கட்டுரைகளை வெட்டிய பழைய ஆசிரியரை (அன்று எவ்வளவு திட்டினேன்!) நினைத்துக்கொண்டேன்.

அலகில்தான் சிக்கல். நான் படமெடுத்த அன்னத்தின் அலகு தேய்ந்து மழுங்கியிருந்தது. வளைவை அதன் போக்கில் நீட்டினால் கூரிய அலகு முளைத்தது, அழகாகவும் இருந்தது. மருமகனுக்கு மகிழ்ச்சி. நானோ கண்டதை மட்டும் எழுதிச் சோறு தின்றவன். மூலாச்சாரி செதுக்கிய அலகு இதுதான் என்று எப்படிச் சொல்வேன்?

மழுங்கிய அன்னத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்தேன். மற்றதை அழிக்கவும் இன்னும் மனம் வரவில்லை.