தெருவோரம் யாருக்கு?

தில்லியில் கார் நிறுத்த இடம் ஒதுக்குவது சாதாரண விஷயம் போலத் தெரியும். அதற்குப் பின்னால் நான்கு இலாகாக்கள், ஒரு நீதிமன்றம், எண்ணற்ற கடைக்காரர்கள். கணக்கில் வராமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பகல் 11 மணி. கன்னாட் பிளேஸின் உள்வட்டத்தில் கடைகள் இப்போதுதான் ஷட்டரை உயர்த்துகின்றன. வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் கார் வரிசையோ ஏறக்குறைய நிரம்பிவிட்டது. வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே வந்துவிட்ட கார்கள் இவை. பல, கடைக்காரர்களுடையவை, மாடி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுடையவை. காலையில் இடம் பிடித்தால் மாலைவரை அசைவதில்லை. மதியம் சட்டை வாங்க வருகிறவர் வட்டத்தை மூன்று முறை சுற்றிவிட்டு, கடைசியில் இன்னொரு காரின் முதுகை ஒட்டி நிறுத்துவார். பிறகு, “பார்க்கிங்கே இல்லை” என்று அலுத்துக்கொள்வார்.

ராபர்ட் டோர் ரஸ்ஸல் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1929க்கும் 1933க்கும் இடையே எழும்பிய வட்டம் இது. அன்றைய தில்லியில் கார் வைத்திருந்தவர்கள் சிலரே. 2017இல் தில்லியின் வாகனப் பதிவேடு ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. வட்டத்தின் சுற்றளவு மட்டும் 1933இல் இருந்ததேதான்.

ஒரு காரை நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும்? தில்லியின் 2021 மாஸ்டர் பிளான் கணக்குப்படி, திறந்தவெளியில் வந்துபோகும் வழியையும் சேர்த்து 23 சதுர மீட்டர். அடித்தளத்தில் என்றால் 32. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கட்டித்தரும் சிறிய வீட்டின் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டுக்கு மனு போட்டுப் பல வருடம் காத்திருக்க வேண்டும். காருக்கு ஒரு ரசீது போதும். பல தெருக்களில் அதுவும் வேண்டாம்.

இந்த இடத்தை யார் கொடுப்பது? தில்லியில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. 60 அடியும் அதற்கு மேலும் அகலமான சாலைகளைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை. அதன் ஓரத்தில் பார்க்கிங் குத்தகை விடுவது மாநகராட்சி. கன்னாட் பிளேஸ் போன்ற பகுதிகளில் என்.டி.எம்.சி. என்ற புது தில்லி நகராட்சி. தவறாக நிறுத்திய வண்டியைக் கொக்கி போட்டு இழுத்துப்போவது போக்குவரத்துப் போலீஸ். அது தில்லி அரசிடம் இல்லை, மத்திய உள்துறையின் கீழ் இருக்கிறது. விதிகளை எழுதுவது தில்லி அரசின் போக்குவரத்துத் துறை. ஓரங்கட்டிய காரின் நான்கு சக்கரங்களும் நான்கு அதிகாரங்களின் மேல் நிற்கின்றன என்றால் மிகையில்லை.

சட்டத்தில் குறையில்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கும் இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. சாலைச் சந்திப்பு, வளைவு, நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் ஸ்டாப், பள்ளி மற்றும் ஆஸ்பத்திரி வாசல் ஆகிய இடங்களில் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989இலேயே விதி வந்துவிட்டது. இவை யாரும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டாத இடங்கள். போர்டே இல்லாவிட்டாலும் தடை உண்டு. போர்டு இருக்கும் இடத்தில், நீல வட்டத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு என்றால் நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல இருந்தால் ஒரு கணம்கூட நிற்கக் கூடாது. இந்த வித்தியாசம் லைசென்ஸ் பரீட்சையோடு பலருக்கு மறந்துவிடுகிறது. 2019 திருத்தத்துக்கு முன், இத்தகைய சில்லறைக் குற்றங்களுக்கான பொது அபராதம் முதல் தடவைக்கு 100 ரூபாய்தான். இப்போது 500.

எங்கே நிறுத்தலாம் என்பதுதான் கஷ்டமான தீர்மானம். அதைப் பார்க்கச் சற்றுத் தெற்கே லாஜ்பத் நகர் போக வேண்டும். பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு. சிறு மனைகளில் எழுந்த ஒற்றை மாடி வீடுகள் இன்று நான்கு தளங்களாகிவிட்டன. தளத்துக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒன்றோ இரண்டோ கார். பக்கத்தில் துணிக்கடைகளால் நிறைந்த சென்ட்ரல் மார்க்கெட். அதற்கு வருகிறவர்களின் கார்கள் வேறு. தெரு மட்டும் அகதிகளின் காலத்து அகலம்.

2019இல் தெற்கு தில்லி மாநகராட்சி, பார்க்கிங் திட்டத்துக்கான பரிசோதனைக் களமாகத் தேர்ந்தெடுத்தது லாஜ்பத் நகரைத்தான். விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போயிருந்தது. குடியிருப்புகளின் நடைபாதை ஆக்கிரமிப்புகளை அகற்றும்படியும், பார்க்கிங் விதிகளை அந்த மாதத்துக்குள் அறிவிக்கும்படியும் அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் விதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளாட்சி அமைப்பு தனித்தனிப் பார்க்கிங் திட்டம் வரைய வேண்டும். குடியிருப்போர் சங்கங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். தெருவோரக் கட்டணம், கட்டடத்துக்குள் நிறுத்துவதற்கான கட்டணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நேரம் கூடக் கூடக் கட்டணம் ஏற வேண்டும். “தெருவோரம் அவசரக்காரருக்கு, கட்டடம் நாள்பூரா நிறுத்துபவருக்கு” என்பதே இதன் தாத்பரியம். பார்க்கிங் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருந்தது. அது தில்லியின் விதியாக 13 வருடம் பிடித்தது.

திட்டம் வரைவது ஒரு கணக்கெடுப்பில் தொடங்குகிறது. கையில் அட்டையும் தாளும் பிடித்தவர்கள் ஒரு தெருவைக் காலை முதல் இரவு வரை குறிப்பிட்ட இடைவெளியில் நடந்து, ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுதுகிறார்கள். ஒரே எண் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் அந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியும். ஓர் இடத்தை ஒரு நாளில் எத்தனை வண்டிகள் பயன்படுத்தின என்று தெரியும். பிறகு தெருவின் அகலத்தை அளக்கிறார்கள். தீயணைப்பு வண்டி போக வழி, நடக்கிறவர்களுக்கு வழி, ரிக்‌ஷாவுக்கு வழி. மிச்சமிருப்பதில்தான் கார். சில தெருக்களில் மிச்சமே இராது.

எவ்வளவு நிறைந்தால் சரி? அமெரிக்க நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இதற்குச் சொன்ன விடை உலகெங்கும் நகராட்சிகளில் புழங்குகிறது. 2025இல் காலமான அவர், வாழ்நாளில் பெரும் பகுதியைப் பார்க்கிங் ஆராய்ச்சிக்கே கொடுத்தவர். ஒவ்வொரு தெருத் துண்டிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்க வேண்டும். ஏறக்குறைய 85 சதவீதம் நிறைந்திருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும் என்றார் அவர். காலி இடத்தை நஷ்டமாகப் பார்க்காதவர். அந்த ஓர் இடம் இருந்தால்தான் வருகிறவர் சுற்றாமல் நிறுத்த முடியும்.

இதைத் தில்லிக் குத்தகைதாரரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் நகராட்சிக்குக் கட்டுவது மாதாந்தரத் தொகை. எத்தனை வண்டியை அடைக்கிறாரோ அத்தனை லாபம். ஆகவே ஒரு வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை. “நியூட்ரல் மே சோடியே!” என்று கூவுகிறார் ஊழியர். கியரும் வேண்டாம், ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். உள்ளே இருக்கும் கார் கிளம்பும்போது வெளியே நிற்பவற்றைத் தோளால் தள்ளி நகர்த்துவார்கள். ஒரு சாண் இடத்தையும் வீணாக்காத சாமர்த்தியம் இது.

இந்தச் சாமர்த்தியத்தில் நசுங்குபவர் ஒருவர் உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவர் கார்க் கதவை முழுதாகத் திறக்க வேண்டும். நாற்காலியைப் பக்கத்தில் விரித்து அதற்கு மாற வேண்டும். அதனால்தான் அவருக்கான இடத்தின் அகலம் குறைந்தது 3.6 மீட்டர் என்றும், கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகள் கூறுகின்றன. சாதாரணக் காரின் இடத்தைவிட ஒரு மீட்டர்தான் அதிகம். ஆனால் அந்த ஒரு மீட்டரில் இரண்டு மோட்டார் பைக்குகளைச் செருகலாம் என்பது குத்தகைதாரர் கணக்கு. செருகிவிட்டால், வந்தவர் திரும்பிப் போக முடியாது. கார் கண்ணெதிரே நிற்கும், ஏற வழியிருக்காது.

தெருவை மொத்தமாக மூடிவிடுவதும் ஒரு தீர்வு. ஒரு காலத்தில் தில்லித் தமிழர்களின் பேட்டையாக இருந்த கரோல் பாகில், அஜ்மல் கான் ரோடு 2019 மே மாதம் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்ட சாந்தினி சௌக்கில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை வந்தது. ஷாஜகானின் மகள் ஜஹானாரா வகுத்த அந்த வீதியில் ஹாரன் ஓயாமல் ஒலித்த இடத்தில் ஜனங்கள் கைவீசி நடந்ததைத் தில்லி அதிசயமாகப் பார்த்தது. எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. கன்னாட் பிளேஸின் உள்வட்டத்தையும் நடுவட்டத்தையும் மூன்று மாதம் வாகனமில்லாமல் வைத்துப் பார்க்கும் யோசனை 2017 ஜனவரியில் வெளியானது. “வியாபாரம் படுத்துவிடும்” என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். பரிசோதனை தொடங்கவே இல்லை.

நடக்க முடிந்தவர்களுக்கு வாகனமற்ற வீதி வரம். கால் இயங்காதவருக்கு, வீதியின் வாசலில் இறங்க ஓர் இடமும், அங்கிருந்து தடையில்லாத பாதையும் இருந்தால்தான் அது வரம். பைக்குகள் ஏறாதிருக்க நட்ட குட்டைத் தூண்கள், இடைவெளி குறைந்தால் சக்கர நாற்காலியையும் நிறுத்திவிடுகின்றன. வண்டியைத் தடுக்கும்போதே அதற்கு விதிவிலக்காகும் நீலக் கட்டத்தையும் எங்கே வரைவது என்று முடிவு செய்தாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பிறகு இடம் இருப்பதில்லை.

இந்த ‘பிறகு’வுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் நடைபாதைகளில் சரிவு அமைக்கச் சொன்னது. கூடவே ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தது. வால்தான் நிலைத்தது. 2016இல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பஸ் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையங்களின் கார் நிறுத்துமிடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனால் தரநிர்ணயங்கள் பலவும் வெறும் சிபாரிசாகவே நின்றன. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. சிபாரிசு செய்தால் போதாது, கட்டாய விதி வேண்டும். மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டு 19 வருடம் கழித்து வந்த சொல்.

விதி வந்தாலும் ஒரு சிக்கல் மீதி. நகரங்கள் தெருவோரத்தைப் பங்கிடுவது கணக்கெடுப்பை வைத்து. கணக்கெடுப்பு எண்ணுவது வந்து நின்ற வண்டிகளை. இடமில்லை என்று வராமலே இருந்துவிட்டவரை அது எப்படி எண்ணும்? “இங்கே மாற்றுத் திறனாளிகள் யாரும் வருவதில்லையே, எதற்கு இரண்டு இடம்?” என்று கேட்கும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வருவதில்லைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள். அவர்களில் ஐந்தில் ஒருவர் இயக்கக் குறைபாடு உடையவர். அந்த 54 லட்சம் பேரில் மார்க்கெட்டுக்கு வந்து எண்ணிக்கையில் சேர்ந்தவர் எத்தனை பேர்? ஆகவே இந்த இரண்டு இடங்களைத் தேவையை எண்ணி ஒதுக்க முடியாது. முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் எண்ண வேண்டும். பெரும்பாலான நேரம் அவை காலியாகக் கிடக்கலாம். தீயணைக்கும் கருவியும் பெரும்பாலான நேரம் சும்மாதான் தொங்குகிறது.

மாலை 6 மணி. தில்லியின் பல மார்க்கெட்டுகளில் ஒன்று. பெயர் எதுவானால் என்ன. இருபுறமும் துணைச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வருகிறார். பின்புறம் ஊன்றுகோல்கள் கட்டியிருக்கின்றன. தரையில் நீலக் கட்டமும் சக்கர நாற்காலிப் படமும் பளிச்சென்று இருந்தன ஒரு காலத்தில். இப்போது படத்தின் தலை மட்டும் தெரிகிறது. மீதியின் மேல் பெரிய வெள்ளைக் கார் ஒன்று. பக்கத்து ஒரு மீட்டரில் ஊழியரின் பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு பைக்குகளும். ஸ்கூட்டர்க்காரர் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு சுற்று போய் வருகிறார். ஊழியர் தூரத்தில் இடமிருப்பதாகக் கை காட்டுகிறார். தூரம் என்பதுதானே அவருக்குப் பிரச்சினை. இன்னொரு சுற்று. பிறகு பிரதான சாலைப் பக்கம் திரும்பிப் போய்விடுகிறார்.

அன்று மாலை அந்தத் தெருவில் யாராவது தாளும் பேனாவுமாகக் கணக்கெடுத்திருந்தால், வெள்ளைக் காரின் எண் ஐந்தாறு முறை பதிவாகியிருக்கும். ஸ்கூட்டரின் எண் ஒரு முறைகூட இருந்திருக்காது.