கிண்ணத்தில் கரும்புள்ளிகள்

புதிதாக வந்த பால் பைத்தான் (ball python) தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு படுத்திருந்தால், முதல் தடவையாகப் பாம்பு வளர்ப்பவருக்குப் பெருமை தாங்காது. வந்த இடம் பிடித்துப்போய்விட்டது, ஆனந்தமாகக் குளிக்கிறது என்று படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அனுபவப்பட்டவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் கேட்பது வேறு: கிண்ணத்தின் அடியில் கறுப்பாக ஏதாவது கிடக்கிறதா?

சூடு தாங்காமலும், சட்டை உரிக்கப் போகும் நேரத்திலும் பாம்பு தண்ணீரில் இறங்குவது உண்டு. ஆனால் இறங்கியது ஏறாமல் நாள் கணக்கில் அங்கேயே கிடந்தால் முதல் சந்தேகம் மைட் (mite) என்னும் ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி மேல்தான். அரிப்பு தாங்காத பாம்புக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தண்ணீர். அடுத்து பார்க்க வேண்டியது அதன் தலை. தாடைக்கு அடியில் நடுவில் ஓடும் பள்ளம், கண்ணைச் சுற்றிய விளிம்பு, மேலுதட்டில் வரிசையாக இருக்கும் வெப்பம் உணரும் குழிகள்: இங்கெல்லாம் செதில் சற்றுத் தூக்கினாற்போல் இருந்து, அதன் அடியில் கரும்புள்ளி ஒன்று நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. உடம்பின் மேல் வெள்ளைத் தூசி தூவினாற்போல் தெரிவது மைட்டின் எச்சம். ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கையில் வைத்துப் பாம்பை அதன் வழியே ஊர்ந்து போகவிட்டால் போதும், பேப்பரே சாட்சி சொல்லும்.

நாய்மேல் ஏறும் உண்ணிக்கு இது தூரத்துச் சொந்தம். விலங்கியலில் இதன் பெயர் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். பிரெஞ்சு விலங்கியலாளர் போல் ஜெர்வே 1844-இல் விவரித்து வைத்தது. வயிறு முட்டக் குடித்த பெண் மைட்டே ஒரு கசகசா அளவுதான். அமெரிக்கரான ஜோசப் கேமின் 1953-இல் இதன் வாழ்க்கையை அங்குலம் அங்குலமாக எழுதி வைத்தார். பாம்பு வளர்ப்பவர்களின் இன்றைய வைத்தியம் எல்லாம் ஏறக்குறைய அந்தத் தகவல்களின் மேல்தான் நிற்கிறது.

அந்த வாழ்க்கையில் ஐந்து பருவங்கள். முட்டை, ஆறு கால்களோடு வெளிவந்து எதுவும் தின்னாத குஞ்சு, அதன்பின் இரண்டு இளம் பருவங்கள், கடைசியில் வளர்ந்த மைட். இளம் பருவங்களில் முதலாவது மட்டும் ரத்தம் குடிக்கும், இரண்டாவது குடிக்காது. வளர்ந்தது மறுபடி குடிக்கும். குடித்து முடித்த பெண் மைட் பாம்பைவிட்டு இறங்கி, இருட்டான, ஈரமான இடுக்கு தேடி ஏறிப்போய் முட்டையிடும். தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடக்கூடும். ஆண் துணை இல்லாமலும் இடும், அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் பிறக்கும். சூடும் ஈரமும் ஒத்துப்போனால் முட்டையிலிருந்து முழு மைட் ஆக இரண்டு மூன்று வாரம் போதும்.

ஆக, பாம்பின் மேல் கண்ணுக்குத் தெரிவது பட்டாளத்தில் ஒரு பங்குதான். மீதி பெட்டியின் மூடி விளிம்பில், மரக்கட்டையின் வெடிப்பில், பின்சுவர் அட்டையின் அடியில் இருக்கிறது. பாம்பை மட்டும் குளிப்பாட்டித் துடைத்துப் பழைய பெட்டியிலேயே விடுகிறவர் பத்தாம் நாள் மறுபடி குளிப்பாட்ட உட்கார வேண்டியதுதான்.

சங்கடம் இன்னொன்று உண்டு. இந்த மைட்டுக்குப் பிடித்த வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். பிடித்தது ஈரக்காற்று, இருட்டு, இடுக்கு. பால் பைத்தான் வளர்ப்பது எப்படி என்று எந்தக் கையேட்டைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல் இருக்கும். ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து இரவில் வெளியே வரும் பாம்பு அது. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி அளவில், காற்றில் 60 சதவீத ஈரம், இரண்டு பக்கமும் உடம்பு உரசுமளவு நெருக்கமான ஒளிவிடம் என்றால்தான் அது பயம் தெளியும். நல்ல பராமரிப்பு என்பதே மைட்டுக்கும் விருந்தாகிவிடுகிறது. மைட்டை ஒழிக்க வேண்டுமானால் கொஞ்ச காலம் பாம்பின் சுகத்தையும் குறைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் வளர்ப்பவரின் கெட்டிக்காரத்தனம்.

முதல் நாள் வேலை கரடுமுரடானது. கீழே போட்டிருந்த நார், மரத்தூள் எல்லாம் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போக வேண்டும். மரக்கட்டையைக் கழுவிப் பயன் இல்லை, தூக்கிப் போட்டுவிடலாம். பெட்டியைச் சோப்பும் வெந்நீரும் விட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, காயவிட்டு, வெள்ளைப் பேப்பர் விரிக்க வேண்டும். பேப்பருக்கு இரண்டு லாபம்: தினமும் மாற்றலாம், புள்ளி ஒன்று ஊர்ந்தால் உடனே தெரியும். இதற்கிடையில் பாம்பு வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில், காற்றோட்டமுள்ள மூடிபோட்ட டப்பாவில் அரைமணி நேரம் இருக்கலாம். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். உடம்பில் இருப்பவை மூழ்கிச் சாகும், சில தலைக்கு ஏறித் தப்பும். அவற்றைத் துணியால் துடைத்து எடுப்பதற்குப் பொறுமை வேண்டும், பாம்புக்கும் சேர்த்து.

ஒளிவிடத்தை மட்டும் பிடுங்கக்கூடாது. ஒளிய இடமில்லாத பால் பைத்தான் மூக்கால் பெட்டிச் சுவரை இடித்துக்கொண்டே இருக்கும், இரையைத் தொடாது. செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து, சில நாளுக்கு ஒருமுறை எறிந்துவிட்டுப் புதிது வைப்பது இதற்கு மலிவான வழி. கண் வெளுத்து நீலம் பாய்ந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது ஈரத்தைக் குறைத்துவைத்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழியும், கண்மேல் மூடியிருக்கும் மெல்லிய வில்லை கழலாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வாரம் மைட்டுக்கு இடம் கொடுத்தாலும் பரவாயில்லை, ஒளிவிடத்துக்குள் ஈரத்துணி வைத்துவிட வேண்டும்.

மருந்து விஷயத்தில் அவசரம் ஆபத்து. பெர்மெத்ரின் கலந்த தெளிப்பை வெறும் பெட்டியில் அடித்து, முழுக்கக் காய்ந்து காற்றாடிய பிறகே பாம்பை விடுவார்கள். அதே பெர்மெத்ரின் பூனைக்கு எமன் என்பதால் பூனை இருக்கும் வீட்டில் இரட்டைக் கவனம் தேவை. நாய் பூனைகளுக்கான ஃபிப்ரோனிலைத் துணியில் நனைத்துப் பாம்பைத் துடைக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஐவர்மெக்டினும் பயன்படுத்தப்படுகிறது, ஆனால் ஆமையை அது கொன்றுவிடும், பாம்பிலும் அளவு தப்பினால் நரம்பு பாதிக்கப்படும். எனவே அளவு சொல்ல ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் வேண்டும், கடைக்காரர் போதாது. எந்த மருந்தானாலும் முட்டை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இரண்டு வாரத்தில் மறுபடி அடிக்கச் சொல்வது அதனால்தான். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் மைட்டையே வேட்டையாடும் இன்னொரு மைட் இனத்தைப் புட்டியில் வாங்கிப் பெட்டிக்குள் விடுகிறார்கள். பசுமைக்குடிலில் பூச்சி ஒழிக்கப் பயன்படும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் அது. கூட்டம் பெருகிவிட்ட பெட்டியில் அது மட்டும் சமாளிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

இத்தனை பாடும் வெறும் அரிப்புக்காக அல்ல. குட்டிப் பாம்பு ரத்தசோகையில் துவண்டுபோகும். ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை மைட் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதைக் கேமினே 1948-இல் காட்டியிருக்கிறார். பைத்தான், போவா இனங்களைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய் ஒன்றையும் மைட் பரப்பக்கூடும் என்ற சந்தேகம் இருக்கிறது.

மைட் இல்லாத பாம்பானால், வந்த முதல் வாரம் செய்யத் தகுந்த நல்ல காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம். ஐந்தாறு நாள் கழித்து, உடம்பின் பருத்த பகுதி அளவுள்ள எலியை, உறையவைத்து வாங்கி உருக்கிச் சூடாக்கியதை, இடுக்கியில் நீட்டிப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு ஒரு வாரம் விடலாம். பால் பைத்தான் மாதக்கணக்கில் விரதம் இருக்கும், எடை குறையாதவரை பதற்றம் வேண்டாம். தின்றால் இரண்டு நாள் தொடக்கூடாது. சூடேற்றும் விரிப்பைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது, வெந்து புண்ணாகும்வரை அதன்மேலேயே படுத்திருக்கும் பாம்புகள் உண்டு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது சால்மோனெல்லா கிருமிக்காக.

பெனின் நாட்டின் ஊய்டா நகரில் தேவாலயத்துக்கு நேர் எதிரே இதே பாம்புக்குக் கோயில் இருக்கிறது. அங்கே அது புனிதம். அண்டை நாடான டோகோவும் அதற்கு அடுத்த கானாவும், பெனினும்கூட, அதே பாம்பைப் பல ஆண்டுகளாகப் பெருமளவில் ஏற்றுமதி செய்து வந்திருக்கின்றன. பை, பெட்டி, கிடங்கு, கடை என்று கைமாறும் ஒவ்வொரு இடமும் மைட் தாவ வசதியான இடம். சென்னை விமான நிலையத்தில் பாங்காக் பயணிகளின் பெட்டிகளிலிருந்து பால் பைத்தான் குட்டிகளைச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படி நெருக்கி அடைத்து வருபவற்றில் ஒன்றுக்கு மைட் இருந்தாலே எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடும். நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் ஆசைப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் தத்துக்கு வரும் பால் பைத்தான்கள் ஏராளம். பாம்பின் ஆயுள் 20, 30 ஆண்டு. பள்ளி வயதில் அதை வாங்கிய பையன் கல்லூரிக்குப் போய்விடுகிறான். அந்த ஆயுளையும் தாண்டும் பாம்பு உண்டு: செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த பெண் பாம்பு, குறைந்தது பதினைந்து ஆண்டுகளாக ஆண் வாடையே இல்லாத நிலையில், 2020-இல் ஏழு முட்டை இட்டது. அதற்கு அப்போது வயது அறுபதுக்கு மேல்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பாம்பு இருந்தால் புதியதை வேறு அறையில் இரண்டு மூன்று மாதமாவது தனியே வைத்து, பழையதைக் கவனித்துவிட்டுக் கடைசியாகவே அதனிடம் போக வேண்டும். கடைசி மைட் கண்ணில் பட்ட பிறகும் ஒன்றரை மாதம் வெள்ளைப் பேப்பரே இருக்கட்டும். இடையில் உரித்த சட்டையை வெளிச்சத்தில் விரித்து, இரண்டு கண்வில்லையும் அதில் இருக்கிறதா, தாடைப் பகுதியில் புள்ளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் சுத்தம் என்றால் மறுபடி தேங்காய் நார் விரிக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து கப்பலேறும் நார்க்கழிவு மேலை நாட்டுப் பாம்புப் பெட்டிகளுக்கும் போய்ச் சேருகிறது. புது மூட்டையை, மைட் இருக்கக்கூடிய ஊர்வனக் கடையின் அலமாரியிலிருந்து எடுப்பதைவிடச் செடிக்கடையில் வாங்குவது புத்திசாலித்தனம், உரம் கலக்காததா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.