ஆயா காயவைத்த சட்டி

தண்டையார்பேட்டையில் ஆப்பக்கடை போட்டுப் பிழைத்த ஆயா, முட்டி வலியால் கடையை மூடியபிறகு அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. அன்று பேத்தி ஓவனில் 'டச்சு பேபி' சுட்டாள். 3 முட்டை, அரை கப் மைதா, அரை கப் பால், சிட்டிகை உப்பு. சோடா மாவு கிடையாது, நீராவிதான் உப்பவைக்கும். தட்டையாகவே வந்தது.

"சட்டி காஞ்சுதா கண்ணு?"

வாசற்படியில் ஆயா. கையில் அவருடைய பழைய இரும்புச் சட்டி. அதை 220 டிகிரியில் நன்றாகக் காயவிட்டு, வெண்ணெய் போட்டு, உருகியதும் மாவை ஊற்றினார்கள். 20 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது (அதுதான் கஷ்டம்!). ஓரமெல்லாம் எழும்பிப் பொன்னிறமாக நின்றது.

வெளியே எடுத்ததும் அமுங்கியது. அதன் குணமே அப்படித்தான். பேத்தி எலுமிச்சம்பழமும் பொடித்த சர்க்கரையும் தேடினாள்.

"தேங்காப்பால் இருக்கா?" என்றார் ஆயா.